சம்பந்தியம்மாவிடம் பேச ஒரு பாஷை

என் மகள் நல்ல பெண்தான். ஆனால் அவளை மொழிபெயர்ப்பு வேலைக்கு வைத்தால் இரண்டு நாடும் உருப்படாது.

அவள் போலந்தில், வூச் என்ற ஊரில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அந்த ஊரின் பெயரை லோட்ஸ் என்று எழுதிவிட்டு வூச் என்று வாசிக்கிறார்கள். நான் இலத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். என் வகுப்பில் ஒருவன் எழுதியிருப்பது ஒன்றும் வாசிப்பது ஒன்றுமாக இருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். ஒரு நாடே அப்படி வாசிக்கும்போது யார் காதைத் திருகுவது?

கூட வேலை பார்க்கிற போலந்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அழுகை, சண்டை, பேசாமல் இருப்பது, மறுபடி பேசுவது எல்லாம் முறைப்படி நடந்து முடிந்து, சரி என்று சொன்னோம். பையன் நல்ல பையன். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான், அது வீடியோ காலாக இருந்தாலும். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ட்ராம் ஓட்டி அவனை வளர்த்தவர். அந்த அம்மாவுக்குப் போலிஷ் தவிர வேறு பாஷை கிடையாது. அதனால் சம்பந்தி இரண்டு பேரும் முதல்முதலாகப் பேசிக்கொண்ட அன்றைக்கு நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவள் என் மகள்.

சம்பந்தியம்மா கையை ஆட்டினார், நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், இடையில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லதொரு மேடைப் பேச்சின் அளவுக்குப் பேசி முடித்தார். மகள் என் பக்கம் திரும்பி, "சாப்டீங்களான்னு கேக்காவம்மா" என்றாள்.

"அவ்வளவு நேரம் பேசினதுக்கு இதுதானாட்டி அர்த்தம்?"

"அவங்க பாஷை அப்படித்தாம்மா, நீளமா வரும்."

சரி என்று நானும் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். ஒரே பிள்ளை. வீம்புக்காரி. உடம்புக்கு முடியாவிட்டாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், நாமாகத்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பசித்தால் கோபம் வரும், கோபம் வந்தால் சாப்பிட மாட்டாள். இப்படி ஒன்று விடாமல் சொன்னேன். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அது 'நன்றி' என்ற வார்த்தை என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். போன குளிர்காலத்தில் அவள் ஒரு வாரம் காய்ச்சலில் தனியாகக் கிடந்திருக்கிறாள். தினமும் போனில் "நல்லா இருக்கேம்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே கிடந்திருக்கிறாள். பிறகு அவளுடைய தோழி ஒருத்தி வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஓடிப்போய் ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்கிற தூரமா அது? அதனால் அந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வியை, நடுவில் இந்தப் பெண் இல்லாமல், நானே கேட்டாக வேண்டும் என்று முடிவு செய்தேன். என் மகளுக்கு அங்கே நீங்கள் அம்மா மாதிரி இருப்பீர்களா? இதற்கு அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாமல் நிச்சயத் தாம்பூலத்தில் கை வைப்பதில்லை. அவர்கள் ஆனிக் கடைசியில் நிச்சயத்துக்கு வருவதாகப் பேச்சு. குற்றாலத்தில் சாரலும் பார்த்துக்கொள்ளலாமே. அப்போது தை மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆக, அதற்குள் நான் போலிஷ் படிக்க வேண்டும், அதுவும் மகளுக்குத் தெரியாமல்.

என் வீட்டுக்காரர் தென்காசியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"இங்கேருங்க, நான் போலிஷ் படிக்கப் போறேன்."

"அதுல படிக்கதுக்கு என்ன இருக்கு? துணியில தொட்டு ஒரே பக்கமாத் தேய்க்க வேண்டியதுதான். எதுக்கு, வாசக் கதவுக்கா?"

காலமெல்லாம் மரத்துக்குப் பாலிஷ் விற்கிற மனிதர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விளக்கிச் சொன்னதும், "ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? இருக்க பாஷையில நீ பேசுததே எனக்குத் தாங்கல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

போனை எடுத்து, போலிஷ் வகுப்பு தென்காசி என்று வாயாலேயே சொல்லித் தேடினேன். வரிசையாக வந்து விழுந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். நம் ஊரில் இத்தனை பேரா போலிஷ் சொல்லிக்கொடுக்கிறார்கள்? முதலில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஒரு பையன் எடுத்தான்.

"வகுப்பு நடக்குல்லா? சேரணும்."

"நடக்கு மேடம். புது பேட்ச் திங்கக்கெழம ஆரம்பிக்குது. யாருக்கு மேடம், பையனுக்கா பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்."

மெதுவாக, "மேடத்துக்கு வயசு என்ன?" என்றான்.

"அம்பத்திரெண்டு. படிக்கதுக்கு வயசு என்னலே?"

"அதில்ல மேடம்... ஓட்டம் இருக்கு, நீளம் தாண்டுதல் இருக்கு, ஒயரம் வேற அளப்பாங்க..."

"பேசப் படிக்கதுக்கு எதுக்குலே நான் ஓடணும்? நீளம் தாண்டி எங்க போகணும்?"

"போலீஸ் செலக்‌ஷன்னா அப்படித்தான் மேடம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் போலீஸிலோ பட்டாளத்திலோ இருப்பார். தெருவுக்குத் தெரு அதற்குத்தான் பயிற்சி வகுப்பு. தவறு என் மேல் என்றாலும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. "சரி, எழுத்துத் தேர்வுல என்ன வருது?" என்று கெத்தாகக் கேட்டு வைத்தேன். தமிழ்த் தகுதித் தேர்வு வருது மேடம், அதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுதாங்க என்றான். நான் தமிழ் டீச்சர் என்றேன். "அய்யோ மேடம், நாங்க தமிழுக்கு ஆள் கெடைக்காமத் தேடிக்கிட்டுத் திரியுதோம். ஞாயித்துக்கெழம மட்டும் வந்து சொல்லிக் குடுக்கேளா?" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டான். படிக்கப் போன இடத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஒருவழியாகப் போனை வைத்தேன்.

அடுத்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அந்நிய மொழி மையம். ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பான் என்று பலகையில் கொடி கொடியாக வரைந்திருந்தார்கள். உள்ளே டை கட்டி உட்கார்ந்திருந்தவர், "போலிஷ் தனியா எதுக்கு மேடம்? ஜெர்மனியும் போலந்தும் பக்கத்துப் பக்கத்து நாடு. ஜெர்மன்ல சேந்துருங்க, போலிஷ் தானா வந்துரும்" என்றார்.

"எங்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல தறி ஓடுது. எனக்குத் தானா நெசவு வந்துட்டா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

பிறகு போனிலேயே சொல்லிக்கொடுக்கிற ஆப் ஒன்றை இறக்கினேன். காசு கிடையாது, டீச்சர் கிடையாது, ஆனால் ஒரு நாள் பார்க்காவிட்டால் மாமியார் மாதிரி கோபித்துக்கொண்டு செய்தி அனுப்பும். அது சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம், 'வாத்து ரொட்டி தின்கிறது'. இரண்டாவது, 'என் குதிரை பால் குடிக்கிறது'. ட்ராம் ஓட்டிய சம்பந்தியம்மாவிடம் போய் வாத்தையும் குதிரையையுமா விசாரிப்பது? அழித்துவிட்டேன்.

செங்கோட்டையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிற டீச்சர் ஒருத்தி, புனலூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். போலந்தில் வேலை பார்த்துத் திரும்பியவர், போனிலேயே பேச்சுப் பழக்கம் சொல்லிக்கொடுக்கிறாராம். கூப்பிட்டேன். நல்ல கலகலப்பான பெண். "சேச்சி, கிராமர் ஒண்ணும் வேண்டா. அவரு பறயுந்நது கேக்கணம், அதுபோலெ பறயணம். அத்ரேயுள்ளு" என்றார். அவர்கள் பேசுவதைக் கேட்டு அப்படியே பேசினால் போதுமாம்.

"வேற்றுமை எத்தனை உண்டு?" என்று கேட்டேன்.

"வேற்றுமையோ? அது எந்தா?"

வேற்றுமை உருபை வைத்துச் சோறு தின்கிற என்னிடம் அது எந்தா என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசிக்கவே இல்லை.

கடைசியில் போலந்திலேயே, வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஆன்லைனில் நடத்துகிற வகுப்பு ஒன்று கிடைத்தது. புத்தகம் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, பரீட்சை உண்டு. பாடத்திட்டத்தில் ஏழு வேற்றுமை என்று போட்டிருந்தார்கள். நமக்கு எட்டு. ஒன்று நமக்குத்தான் கூடுதல் என்ற தெம்பிலேயே சேர்ந்துவிட்டேன்.

சேருவதற்கு முன்னால், நமக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க ஒரு தேர்வு வைத்தார்கள். நான்கு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். ஒரு எழுத்துக்கூட விளங்கவில்லை. என் மாணவர்கள் செய்வதையே நானும் செய்தேன்: எல்லாவற்றுக்கும் 'சி'. எந்த நேரத்தில் தொட்டேனோ, ஓரளவு தெரிந்தவர்களின் இரண்டாம் நிலையில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

வகுப்பு சனிக்கிழமை. அங்கே காலை, இங்கே மத்தியானச் சோற்று நேரம். முதல் நாள் திரையில் பிரேசில்காரர் ஒருவர், வியட்நாம் பெண் ஒருத்தி, லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளிருந்தே பேசுகிற உஸ்பெக் டிரைவர் ஒருவர், அப்புறம் பவுடர் எல்லாம் போட்டு நான். டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்து என்னமோ கேட்டாள். நான் திருதிருவென்று முழித்தேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் முழித்தேன். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, "ஞே?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஞே என்று முழிக்கிறேன்தான், அதை இப்படி உலகத்துக்கு முன்னால் சொல்லிக் காட்டலாமா? போலிஷில் 'இல்லை' என்பதற்கே ஞே என்றுதான் வார்த்தை என்பதும், அவள் கேட்டது 'புரியவில்லையா?' என்பதும் அடுத்த வாரம் என்னை முதல் நிலைக்கு இறக்கிவிட்ட பிறகுதான் தெரிந்தது. ஞே என்று முழிக்கிறவனுக்கு எதுவும் தெரியாது என்பது அவர்களுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

முதல் நிலையில் நான் கொஞ்சம் பிரகாசித்தேன் என்றே சொல்ல வேண்டும். போலிஷில் மரியாதைக்குரியவரை நீ என்று சொல்லக் கூடாது. நீங்கள் என்றும் சொல்ல மாட்டார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரையே வேறு யாரோ மாதிரி வைத்து, 'அம்மையார் காபி குடிப்பாரா?' என்று அவரிடமே கேட்க வேண்டும். அம்மையாருக்குப் பானி, ஐயாவுக்குப் பான். மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நம் ஊரில் மாமியார் கதவோரமாக நின்று, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு அப்பளம் வைக்கட்டா?" என்று மாப்பிள்ளையிடமே கேட்பதில்லையா? என் வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர் முகத்தைப் பார்த்தே, "அண்ணாச்சி ஊருலேர்ந்து எப்ப வந்தாவ?" என்று விசாரிப்பதில்லையா? அண்ணாச்சி வருகிற இடத்தில் பான் போட்டேன், மதினி வருகிற இடத்தில் பானி போட்டேன். டீச்சர் எனக்காகக் கை தட்டினாள்.

பன்மை வந்தபோதுதான் சண்டை. ஆண்கள் கூட்டமாக வந்தால் 'ஓனி'. பெண்கள் கூட்டமாக வந்தால் 'ஓனெ'. நாய், பூனை, நாற்காலி, பெட்டி வந்தாலும் அதே ஓனெதான். நூறு பெண்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஆண்பிள்ளை வந்து நின்றுவிட்டால் அத்தனை பேரும் அந்த நிமிஷமே ஓனி ஆகிவிடுவார்களாம். வந்ததே எனக்கு ஆத்திரம்! தமிழில் பெண் உயர்திணை, நாற்காலி அஃறிணை. ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். "உங்க நாட்டுப் பெண்கள் இதைக் கேட்டுக்கொண்டா இருக்கிறீர்கள்?" என்று என்னிடம் இருந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிக் கேட்டேன். "இலக்கணம் அப்படித்தான்" என்றாள். பதில் தெரியாதபோது என் வகுப்பில் நானும் இதையேதான் சொல்வேன்.

ஆனி பிறந்தபோது என் கேள்வி தயாராகிவிட்டது. 'சி பானி பெஞ்ஜெ த்லா மொயெய் த்சுர்கி யாக் மத்கா?' அம்மையார் என் மகளுக்கு அம்மா மாதிரி இருப்பாரா? த்சுர்கி என்றால் மகளுக்கு. மத்கா என்றால் அம்மா. அடுக்களையிலும் பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன். என் வீட்டுக்காரர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சுர்கி, சுர்கிங்கியே, யாரையும் ஏசுதியா?" என்று கேட்டார்.

மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா மூன்று பேரும் திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வந்து சேர்ந்தார்கள். சம்பந்தியம்மா நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம். வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தார். என் முகம் அவர் கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. நான் ஒரு வார்த்தை போலிஷ் பேசவில்லை. மகள் மொழிபெயர்ப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் ரசத்தைக் குடித்துவிட்டு அந்த அம்மா கண்ணில் தண்ணீரோடு "ஓஸ்த்ரே, ஓஸ்த்ரே" என்றார். உறைக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியும்.

"ரொம்ப ருசியா இருக்காம்மா" என்றாள் மகள்.

அடிப்பாவி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ரசத்தை எடுத்துவிட்டு மோரை வைத்தேன். சம்பந்தியம்மா என்னை நன்றியோடு பார்த்தார். இனி இந்தப் பெண்ணை நம்பி ஒன்றையும் விடக் கூடாது என்று அப்போது உறுதியாயிற்று.

மறுநாள் வேன் பிடித்துக் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல், நல்ல கூட்டம். மாப்பிள்ளை எண்ணெய் மசாஜ் பார்த்தே ஆக வேண்டும் என்றான். மசாஜ்காரர் திரும்பிப் படு, கையை நீட்டு என்பதையெல்லாம் அவனுக்குச் சொல்ல மகள் அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். பெண்கள் குளிக்கிற பக்கம் நானும் சம்பந்தியம்மாவும் மட்டும் போனோம். என் நைட்டியில் ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தேன். அவருக்கு அது முழங்காலோடு நின்றது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்தேன். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது என்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

தண்ணீர் மண்டையில் மொத்துகிறது. பின்னாலிருந்து நாலு பேர் தள்ளுகிறார்கள். நகரு நகரு என்று பெண் போலீஸ் விசில் ஊதுகிறாள். நான் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து, அவர் காதுக்குக் கிட்டே எக்கி, தொண்டை கிழியக் கத்தினேன். "சி பானி பெஞ்ஜெ த்லா மொயெய் த்சுர்கி யாக் மத்கா?"

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். நான் போலிஷ் பேசுவேன் என்று அவர் எங்கே கண்டார்? வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "நோ!" என்றார். "நோ, நோ!" அதோடு விடாமல் இன்னும் என்னென்னவோ சொன்னார், ஒன்றும் காதில் விழவில்லை. கடைசியில் என்னிடம் என்னமோ கேட்டார். பானி என்ற வார்த்தையைத் தவிர வேறொன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஏதோ ஒரு பதில் சொல்ல வேண்டுமே என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வேனில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அந்த அம்மா கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். கேரள எல்லையோரம் பார்டர் கடையில் பரோட்டா சாப்பிடப் போவதாக ஏற்பாடு. எனக்குப் பசிக்கவில்லை என்றேன். அந்த அம்மாவும் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மாப்பிள்ளை மட்டும் எண்ணெய் வழிய உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரை அடுக்களைக்குள் இழுத்துப்போனேன்.

"இந்தக் கல்யாணம் நடக்காது."

"ஏன்? என்ன ஆச்சு?"

"அந்தம்மா முடியாதுன்னு என் மூஞ்சிக்கு நேரச் சொல்லிட்டா."

"எந்த பாஷையில?"

"போலிஷ்லதான்."

"ஒனக்குப் புரிஞ்சிதா?"

"நோன்னா எந்த பாஷையில புரியாது? பச்சப்பிள்ளைக்குக்கூடப் புரியும்."

அதற்கு மேல் எனக்கு முடியவில்லை, அழுதுவிட்டேன். அந்த அம்மா மேல் கோபம்கூட இல்லை. மனதில் இருப்பதை மறைக்காமல் சொன்னாரே. எனக்குப் பயம்தான். அடுத்த குளிர்காலத்திலும் இவள் காய்ச்சலில் கிடப்பாள், பக்கத்து அறையில் ஆள் இருந்தும் யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து மகள் தடதடவென்று இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "யம்மா! நீங்க என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? மாப்பிள்ளையப் பிடிக்கலன்னு அவுங்கட்டப் போயிச் சொன்னீங்களாமே! அவுங்க அங்கன உக்காந்து அழுதாவ!"

"நானா? நான் எப்பட்டி சொன்னேன்? அவதான் முடியாதுன்னா!"

"என் மகன் ஒங்களுக்குச் சம்மதமான்னு அவுங்க கேட்டாவளாம். நீங்க இப்படி ஆட்டினீங்களாம்."

அவள் ஆட்டிக் காட்டினாள். தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, சரி சரி என்று நாம் எல்லாரும் ஆட்டுகிற அதே ஆட்டம். போலந்தில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தமாம். பாவம், அந்த அம்மா விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்தே கலங்கிப்போயிருந்திருக்கிறார். காபி கொடுக்கிறவர், வேன் டிரைவர், என் வீட்டுக்காரர், இந்த ஊரில் எதைக் கேட்டாலும் எல்லாரும் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்கிறார்கள், பிறகு செய்தும் விடுகிறார்கள் என்று மகனிடம் புலம்பினாராம்.

"அது கெடக்கட்டும். அவ நோன்னு சொன்னாளே, அதுக்கு என்ன சொல்லுத?"

மகள் அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "யம்மா, போலிஷ்ல நோன்னா ஆமாம்மா!"

"ஏட்டி, யார்ட்டக் கதை விடுத? 'தாக்'னால்லா ஆமா? எங்க புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"புத்தகத்துல தாக். வீட்ல நோ." சிரிப்பை நிறுத்திவிட்டு, "எந்தப் புத்தகம்?" என்றாள்.

குட்டு உடைந்துவிட்டது. அந்தப் புனலூர் நர்ஸிடம் சேர்ந்திருந்தால் முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார். நான் ஏழு வேற்றுமைக்கு ஆசைப்பட்டுப் போனேன். புத்தகத்தில் 'ஆம்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்ததும் 'ஆமா' என்கிற எனக்கே இது தோன்றவில்லை என்றால் யாரை நோவது?

"அவுங்கட்ட அப்படி என்னதாம்மா கேட்டீங்க?" என்றாள் மகள். இரண்டு டம்ளரில் காபியை ஊற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன். மாப்பிள்ளையை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். எழுந்து நின்று, பிறகு போனான். கதவைச் சாத்தினேன். சம்பந்தியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை இன்னும் ஈரமாக இருந்தது, மூக்கு சிவந்திருந்தது. முதலில் என் தலையைக் கையால் பிடித்து, மேலும் கீழுமாக அவர்கள் வழக்கப்படி ஆட்டிக் காட்டினேன். "தாக்," என்றேன். "தாக், தாக்." உங்கள் மகன் எனக்குச் சம்மதம் என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தாமல், ஒவ்வொரு வார்த்தையாக என் கேள்வியைத் திரும்பக் கேட்டேன்.

"நோ," என்றார் அந்த அம்மா, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே. பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ட்ராம் ஓட்டிய கை, என் கை உள்ளே காணாமலே போய்விட்டது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அருவியில் சொன்னதும் இதைத்தான் என்று சைகையிலேயே காட்டிவிட்டுச் சொன்னார். "ஆலே ஓனா மா மத்கெ. யா பெண்டே ப்லிஸ்கோ."

ஆலே என்றால் ஆனால். ஓனா, அவள். மா என்றால் உண்டு. மத்கா என்ற சொல் அங்கே மத்கெ ஆகியிருந்தது. இரண்டாம் வேற்றுமை. அந்த இரண்டாம் வேற்றுமையில் இருப்பது நான்தான் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. ஆனால் அவளுக்கு அம்மா இருக்கிறாள். நான் பக்கத்தில் இருப்பேன்.

அந்த அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டேன். என் உயரத்துக்கு அது சரியாக இருந்தது.

கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள், "யம்மா, அவுங்க என்ன சொல்லுதாவன்னு நான் சொல்லட்டா?" என்று குரல் கொடுத்தாள்.

"நீ ஒஞ் சோலியப் பாத்துக்கிட்டுப் போட்டி," என்றேன். "எனக்குப் புரிஞ்சிட்டு."